நாற்காலி சொன்ன ‘உள்ளேன் மிஸ்’

என் மகள் எழிலி வகுப்பைக் கட் அடித்துவிட்டாளாம். தலைமையாசிரியை ஸ்டெல்லா மிஸ் என்னை வரச் சொல்லியிருந்தார்.

எழிலியால் நடக்க முடியாது. அவளைச் சுமக்கும் சக்கர நாற்காலிக்கு அரசாங்கம் அறிவு கொடுத்திருக்கிறது. மணி அடித்தால் நேரே வகுப்புக்குத்தான் போகும், அழுதாலும் திரும்பாது. அதனால் தோழிகள் நாலு பேர் அவளை அலாக்காகத் தூக்கிக்கொண்டு எதிர்க்கடைக்குக் கிரேப் ஐஸ் தின்னப் போயிருக்கிறார்கள். காலி நாற்காலி மட்டும் வகுப்புக்குப் போய், பெயர் கூப்பிட்டதும் அவள் குரலிலேயே “உள்ளேன் மிஸ்” என்றிருக்கிறது. பாடம் வாசிக்கச் சொன்னபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

“அந்த நாலு பேரையும் வராந்தாவுல நிக்க வெச்சிருக்கேன்,” என்றார் மிஸ். “எழிலியை விட்டுட்டேன். பாவம்.”

அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“ஐஸ் அவளும்தானே தின்னா? அவளையும் வெளியே அனுப்புங்க மிஸ்.”

“அவளால நிக்க முடியாதேம்மா.”

“எனக்கும் இதே கால்தான். இந்த ஸ்கூல்ல எனக்கு அட்மிஷனே கொடுக்கலை. கேட்டுக்கு வெளியவே என்னை வெச்சாங்க. அன்னைக்கு யாரும் பாவம் பார்க்கலையே.”

மிஸ் எழுந்துபோய் எழிலியை நாற்காலியிலிருந்து இறக்கி வராந்தாவில் உட்காரவைத்தார்.

“தண்டனைன்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே மிஸ்,” என்று மற்ற நாலு பேரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். ஐந்து நாக்கும் ஒரே ஊதா.

நான் என் நாற்காலியைத் திருப்பினேன். உள்ளே அடுத்த பீரியடுக்குப் பெயர் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

“உள்ளேன் மிஸ்,” என்றது அவளுடைய நாற்காலி.