பெற்றவள் சொன்ன சாட்சி

"குடிச்சிருந்தான். தள்ளாடிக்கிட்டுப் போய்த் தானாத்தான் பஸ்ஸுல விழுந்தான்."

பெற்ற மகனின் பிணத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தொற்காள் இப்படிச் சொன்னதும், ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் வாயடைத்துப் போனார்கள்.

மருமகள் மெலினுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. புருஷனைப் பறிகொடுத்து முழுசாக இரண்டு நாள் ஆகவில்லை. முகத்தில் பூசிய துக்க மண்கூடக் காயவில்லை. அதற்குள் மாமியார்க்காரி அவனைக் குடிகாரன் ஆக்கிவிட்டாளே!

சர்ச்சுக்கு முன்னால் ஆண்கள் துப்பாக்கியும் கோடரியுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பகைக் குலத்தான் ஒருவன் ஓட்டி வந்த பஸ் மகன் கூரி மேல் ஏறியபோது கூட இருந்தவள் தொற்காள் ஒருத்திதான். சந்தையில் கிழங்கு விற்றுவிட்டுத் தாயும் மகனும் திரும்பி வரும் வழியில் நடந்தது அது. வேண்டுமென்றே ஏற்றினான் என்று அவள் சொன்னால், பொழுது சாய்வதற்குள் இவர்கள் பழிவாங்க ஆற்றைத் தாண்டிவிடுவார்கள். போன சண்டையில் இந்தப் பக்கம் மட்டும் பதினொரு பேர் போனார்கள். விபத்து என்றால், அவர்கள் நஷ்டஈடாகக் கொண்டுவரும் பன்றிகளை வாங்கிக்கொண்டு கலைய வேண்டியதுதான்.

கூரியின் சித்தப்பா கைபெல் எழுந்தார்.

"அண்ணி, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அந்த டிரைவருக்கும் நம்ம பயலுக்கும் காபித் தோட்டத் தகராறு இருந்துச்சே. பயந்துக்கிட்டு மறைக்கிறீங்களா?"

"எனக்கு என்ன பயம்? கண்ணால பார்த்ததைச் சொல்றேன்."

"பொய்!" என்று கத்தினாள் மெலின். "ஞானஸ்நானம் வாங்கி ஆறு வருஷமாச்சு. ஒரு சொட்டு தொட்டதில்ல அவரு. உடம்பைக் கழுவினது நான். பீர் வாடையே அடிக்கல. அந்த பஸ்காரன் உங்களுக்கு என்ன குடுத்தான் அத்தை? எத்தனை பன்றி?"

கூட்டம் சலசலத்தது. "பெத்த வயிறா இது?" என்று ஒருத்தி காறித் துப்பினாள்.

தொற்காள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

"பாஸ்டர், வேதத்தைக் கொண்டாங்க," என்றாள் மெலின். "அது மேல கை வெச்சுச் சொல்லட்டும் இவங்க."

கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. முன்பெல்லாம் குலத்தின் புனிதச் செடி மேல் சத்தியம் செய்வார்கள், இப்போது வேதத்தின் மேல். எதுவானாலும் பொய்ச் சத்தியம் பண்ணினவர் வருஷம் திரும்புவதற்குள் செத்துப்போவார். அப்படிச் செத்தவர்களை அங்கிருந்த அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள். பாஸ்டர் ஏலிகூடப் பார்த்திருக்கிறார்.

"அம்மா, வேண்டாமே..." என்று இழுத்தார் அவர்.

"குடுங்க பாஸ்டர்," என்று தொற்காளே கை நீட்டினாள்.

வேதத்தின் மேல் கையை அழுத்தி வைத்தாள். "என் மகன் குடிச்சிருந்தான். தானாத்தான் விழுந்தான். கர்த்தர் சாட்சி."

குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. கைபெல் அவள் முகத்தையே உற்றுப் பார்த்தார். பிறகு துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டார். ஒவ்வொருவராக எழுந்து கலைந்தார்கள்.

"குடிகாரப் பயலுக்காக எவன் சாவான்?" என்று யாரோ சொல்லிக்கொண்டு போனது மெலின் காதில் விழுந்தது.

சாயங்காலம் சமையல் குடிசையில் மாமியாரும் மருமகளும் மட்டும் இருந்தார்கள். மெலினால் பொறுக்க முடியவில்லை.

"எனக்குத் தெரியாம நிஜமாவே குடிச்சாரா அத்தை?"

தொற்காள் சாம்பலில் கிழங்கைப் புரட்டிப் போட்டாள்.

"என் பிள்ளையாவது, குடிக்கிறதாவது! ரோட்டோரமாத்தான் நடந்தான். அந்தப் பாவி வண்டியை ஒடிச்சு வந்து ஏத்தினான். நான் பார்த்தேன்."

மெலின் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ! அப்போ சத்தியம்? வேதத்து மேல கை வெச்சீங்களே! செத்துப் போயிடுவீங்களே அத்தை! பாவி, நான்தானே கொண்டாரச் சொன்னேன்!"

"நான் செத்தா, கர்த்தர் எடுத்துக்கிட்டார்னு புதைச்சிட்டுப் போயிடுவாங்கடி," என்றாள் தொற்காள். "அதுக்காக எவனும் துப்பாக்கியைத் தூக்க மாட்டான்."