தொண்டை கிழியக் கத்தியவர்கள்

மேடையில் இரண்டு பையன்கள் நாற்காலியில் சப்பணம் போட்டு உட்கார்ந்து பட்டனைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்த பெரிய திரையில் சிவப்பும் நீலமுமாக இரண்டு பொம்மைப் பயில்வான்கள் ஒருவரையொருவர் துவைத்துக் காயப்போட்டார்கள். வீடியோ கேம் சண்டைப் போட்டியின் இறுதிச் சுற்று. திரையில் ரத்தம் தெறித்தால் அரங்கத்தில் பாப்கார்ன் தெறித்தது.

எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. நீலம் ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான்.

“நீலம்! விடாதே, மிதி!” என்று கத்தினேன்.

பக்கத்து நாற்காலிப் பெண்மணி என்னை முறைத்தார். “சிவப்பு! அவன் மூஞ்சியப் பேத்துடு!”

“பார்த்தா சாதுவா இருக்கீங்க. பேச்சு இப்படியா?”

“உங்க நீலம் மட்டும் கொஞ்சிக்கிட்டா இருக்கான்?”

கடைசி உதையில் நீலப் பயில்வான் சுருண்டு விழுந்தான். பெண்மணி துள்ளிக் குதித்தார். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

அவருக்கே பாவமாகிவிட்டது. தண்ணீர் பாட்டிலை நீட்டினார். “மனசத் தேத்திக்குங்க. நீலமா ஆடினது உங்க பையனா?”

“இல்லீங்க, சிவப்புதான் என் பையன். இதுல தோத்தா எல்லாத்தையும் தலைமுழுகிட்டு நம்ம டயர் கடையில வந்து உட்கார்றேன்னு சொல்லியிருந்தான். ஜெயிச்சுத் தொலைச்சுட்டான்.”

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “நீலம் என் பையன். அவனும் இதே சத்தியம்தான் பண்ணியிருக்கான். நாளையிலேருந்து ஒழுங்கா காலேஜுக்குப் போறான்!”

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். கையெடுத்துக் கும்பிட்டேன்.

“தாயே, அவனை இன்னும் ஒரு வருஷம் விளையாட விடுங்க. என் பையனைத் தோக்கடிக்க வேற ஆளே இல்ல!”