சுவரை ஒட்டி ஒரு ஃபவுண்டன்

“ஏட்டி, நம்ம கண்ணுல படணும்னே இந்த மூலையில வைக்கான் பாத்துக்கோ.”

மாடியிலிருந்து பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்த கோமதிநாதன், தறிக்கூடத்தில் நின்று பொருமினார்.

பக்கத்து வீட்டு சத்தியநாதன் தோட்டத்தில் ஃபவுண்டன் கட்டிக்கொண்டிருந்தார். ஆபீஸ் விட்டு வந்ததும் கொத்தனாரோடு சேர்ந்து குழி தோண்டுவதும், சிமெண்ட் தொட்டியை இறக்குவதும், அதன்மேல் கருங்கல் அடுக்குவதுமாக ஒரே மும்முரம்.

“அவுக வீடு, அவுக இடம். உங்களுக்கு என்ன வந்துச்சு?” அறுந்த நூலை முடிந்துகொண்டே மனைவி சங்கரம்மாள் கத்தினாள். கோபமெல்லாம் இல்லை. பவர்லூம் ஓடுகிற வீட்டில் சாதாரணப் பேச்சே அப்படித்தான்.

“எனக்கு என்னவா? வாசல்ல வைக்கலாம். வேப்பமரத்தடியில வைக்கலாம். அவ்வளவு இடத்தையும் விட்டுட்டு நம்ம சுவரை ஒட்டித்தான் வைக்கணுமாக்கும். புருசனுக்கு கவர்மெண்ட் ஆபீஸ், பொண்டாட்டி மார்த்தாவுக்கு ஆஸ்பத்திரில நர்சு வேலை. ரெண்டு சம்பளம் வருதுல்லா, கொழுப்பு.”

மறுநாள் சாயங்காலம் கரெண்ட் போய்த் தறி நின்றிருந்தது. சத்தியநாதன் கொத்தனாரிடம் சொன்னது சுவருக்கு இந்தப்பக்கம் தெளிவாகக் கேட்டது.

“இன்னும் ஒரு கல்லு ஏத்தி வைங்க. தண்ணி ஒசரத்துல இருந்து விழணும். சத்தம் நல்லா கேக்கணும்.”

“கேட்டியாட்டி? பாத்தா மட்டும் பத்தாதாம். நமக்குக் கேக்கவும் செய்யணுமாம்.”

“உங்க காதுல மட்டும் எப்படித்தான் இப்படி விழுதோ” என்று சங்கரம்மாள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஃபவுண்டன் ஓட ஆரம்பித்தது. கல்லுக்குக் கல் தாவி, சளசளவென்று தொட்டியில் தண்ணீர் விழுந்தது. நிஜமாகவே அழகாக இருந்தது. அதுதான் கோமதிநாதனுக்குத் தாங்கவில்லை.

நூல் கொண்டுவந்த பையன் மகாராஜா, மூட்டையை இறக்கிய கையோடு மாடியேறிப் பார்த்துவிட்டு வந்தான். “குத்தாலம் மாதிரி இருக்கு அண்ணாச்சி. பக்கத்து வீட்டுக்காரருக்கு ரசனைய பாருங்க.”

“நூலைக் கொடுத்தாச்சுல்லா, கிளம்பு.”

போதாததற்கு, ராத்திரி சோறு போடும்போது சங்கரம்மாளும் ஆரம்பித்தாள். “நமக்கும் அது மாதிரி சின்னதா ஒண்ணு வைக்கலாம், என்னங்க?”

கோமதிநாதன் பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டார்.

படுத்தால் தூக்கம் வரவில்லை. நல்ல தண்ணி என்றைக்கு வரும் என்று ஊரே குழாயைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது. இவன் ஆகாசத்தில் ஏற்றி இறக்கி விளையாடுகிறான். இதைக் கேட்க ஆள் இல்லையா?

விடிந்ததும் செல்போனை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை நடந்தார். வீட்டுக்குள் நின்று பேசினால் தறி ஓட்டத்தில் எதிராளிக்கு ஒன்றும் கேட்காது.

“நகராட்சியா? இங்கன ஒரு வீட்ல குடிதண்ணியப் பூராவும் வீணாக்குதாங்க. என் பேரு வெளிய வரக்கூடாது. வந்து பாத்து, குழாயப் பிடுங்கிப் போடுங்க.”

சனிக்கிழமை பகலில் நகராட்சியிலிருந்து வெள்ளத்துரை வந்து சத்தியநாதன் வீட்டுக் கேட்டைத் திறந்தான். தெருவுக்கெல்லாம் தண்ணீர் திறந்துவிடுகிறவன் அவன்தான்.

கோமதிநாதன் ஓடிப்போய்த் தறி அத்தனையையும் நிறுத்தினார்.

“எதுக்கு நிறுத்துதீக?” என்று வந்த சங்கரம்மாளை வாயில் விரல் வைத்து அடக்கினார். சத்தியநாதன் அசடு வழிவதை ஒரு வார்த்தை விடாமல் கேட்க வேண்டும். சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார்.

“புகார் வந்திருக்கு சார். நகராட்சித் தண்ணிய இதுல விடுதீகளாம்.”

“அப்படியா? நீங்களே பாருங்க. குழாய்க்கும் இதுக்கும் தொடுப்பே கிடையாது. தொட்டிக்குள்ள ஒரு குட்டி மோட்டார் கிடக்கு. கீழ விழுத தண்ணியத்தான் அது திரும்ப மேல ஏத்துது. வெயிலுக்கு வத்தினா ஒரு குடம் ஊத்துவேன். அதுவும் துணி அலசின தண்ணி.”

வெள்ளத்துரை குனிந்து பார்க்கிற அரவம் கேட்டது. “அட, ஆமா சார். சுத்திச் சுத்தி ஒரே தண்ணிதான்.”

கோமதிநாதனுக்கு முகம் சுருங்கிப்போனது.

“ஆனா ஒண்ணு சார். இவ்வளவு செலவழிச்சு இந்த மூலையில கொண்டு வச்சிருக்கீகளே. வாசல்ல வச்சா நாலு பேரு பாப்பாகள்லா?”

சத்தியநாதன் குரலைத் தணித்தார். கோமதிநாதன் சுவரில் காதை ஒட்ட வைத்தார்.

“பாக்கதுக்கு இல்ல தம்பி. இந்த ஜன்னலுக்கு உள்ளதான் மார்த்தா தூங்குதா. நைட் டூட்டி, பகல்லதான் கண்ணசர முடியும். சுவருக்கு அந்தப்பக்கம் தறி. கட்டிலே அதிரும். கண்ணு மூடாம டூட்டிக்குப் போயி, ரெண்டு தடவை ஆஸ்பத்திரியிலேயே மயங்கி விழுந்துட்டா. காதுப்பக்கம் தண்ணி விழுந்துட்டே இருந்தா அந்த இரைச்சல் அவ்வளவா தெரியலை. இப்ப நல்லா தூங்குதா.”

“அப்ப புகார் கொடுக்க வேண்டியது நீங்கல்லா சார்? வீடுகளுக்கு நடுவுல தறி ஓட்டுதாங்கன்னு ஒரு வார்த்தை எழுதிக் கொடுங்க. மேல சொல்லி அத்தனையையும் நிறுத்திப்புடலாம்.”

“நிறுத்திட்டா அவுக சாப்பாட்டுக்கு எங்க போவாக?”

வெள்ளத்துரை கேட்டைப் பார்த்து நடக்கிற செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு சத்தியநாதனே கேட்டார்:

“ஆமா, இந்நேரம் ஓடிக்கிட்டுல்லா இருக்கும், தறிச் சத்தத்தையே காணோமே. கோமதி அண்ணாச்சிக்கு என்ன கஷ்டமோ, போற வழியில ஒரு எட்டு பாத்துட்டுப் போறீகளா?”