பேச்சு இருக்கும் பக்கம்

“வலது கைன்னே எழுதிக்கங்க” என்றார் ஆத்மநாதன், மகளுக்கு எந்தக் கைப் பழக்கம் என்று நர்ஸ் கேட்டு முடிக்கும் முன்பே.

திருமயத்தில் முப்பது வருஷம் வாத்தியாராக இருந்தவர். யாரைக் கேட்டாலும் அவர்தான் பதில் சொல்வார்.

மகள் கார்த்திகாவுக்கு நாலு வருஷமாக வலிப்பு. மாத்திரைக்குக் கட்டுப்படவில்லை. மூளையின் வலது பக்கத்தில் ஆபரேஷன் என்று பேச்சு. அதற்கு முன் மதுரையில் ஒரு காந்தப் பரிசோதனை. தலைக்கு வெளியே ஒரு கருவியை வைத்துக் காந்தத் துடிப்பு கொடுப்பார்கள். திரையில் வரும் படத்தின் பெயரை அவள் சொல்ல வேண்டும். எந்த இடத்தில் வைக்கும்போது பேச்சு தடுமாறுகிறதோ, அங்கே கத்தி படக் கூடாது.

மருமகன் அஜித் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தான்.

“இல்ல சிஸ்டர். எழுதுறது, சாப்புடுறது வலது கை. அவசரத்துக்கு நீள்றதெல்லாம் இடது கைதான். மேல பல்லி விழுந்தாக்கூட இடது கையாலதான் தட்டி விடுவா.”

ஆத்மநாதனுக்குச் சுருக்கென்றது.

“மாப்பிள்ளை, நோய்க்காரின்னு ஆச்சு. இப்ப பீச்சாங்கைக்காரியா? நாலு பேருக்கு முன்னால எம்புள்ளய இப்புடி அசிங்கப்படுத்தணுமா?”

“மாமா, நான் கொறையாச் சொல்லல...”

“போதுங்க. எங்க வீட்டுல அந்தப் பழக்கமே கெடையாது.”

கார்த்திகா இடது கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். பக்கத்து நாற்காலி அம்மாள், “கட்டுன பொண்டாட்டிய இப்புடியா விட்டுக் குடுப்பான்?” என்று முணுமுணுத்தார்.

இருவர் சொன்னதையும் நர்ஸ் டாக்டரிடம் போய்ச் சொன்னார்.

பரிசோதனை ஆரம்பித்தது. மற்றவர்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். முதலில் கருவியைத் தலையின் இடது பக்கம் வைத்தார்கள்.

“பூனை... குடை... சைக்கிள்...”

ஒரு வார்த்தைகூடப் பிசகவில்லை. கருவி வலது பக்கம் போய், வெகு நேரம் இடம் மாறி மாறி நின்றது.

“வாளி... பூட்டு...”

அடுத்து ஆட்டுப் படம். கார்த்திகாவின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

“ஆடு, ஆடுன்னு சொல்லு புள்ள” என்று கண்ணாடிக்கு வெளியே பதறினார் ஆத்மநாதன்.

துடிப்பு நின்றதும் பேச்சு வந்துவிட்டது. மறுபடி அங்கேயே வைத்தார்கள். மறுபடி பேச்சு நின்றது.

டாக்டரம்மா எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார்.

“நெறைய பேருக்குப் பேச்சு மூளையோட இடது பக்கம்தான் இருக்கும். பொறவியிலயே இடது கைக்காரங்கன்னா, சில பேருக்கு வலது பக்கம் இருக்கும். இவங்களுக்கு அப்படித்தான் தெரியுது. வலது கைன்னு நம்பியிருந்தா அந்தப் பக்கம் இவ்வளவு நேரம் தேடியிருக்க மாட்டோம். ஆபரேஷனும் அதே பக்கம். பேச்சே போயிருக்கலாம்.” அஜித்தைப் பார்த்து, “நீங்க சொன்னது நல்லதாப் போச்சு” என்றார்.

ஆத்மநாதனால் மருமகன் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கூசிப்போய் உட்கார்ந்திருந்தார்.

பரிசோதனைக்காகக் கார்த்திகாவின் இடது கையில் ஒட்டியிருந்த பட்டைகளை உரித்த டாக்டர் சற்று நின்றார்.

“இதென்ன, பொறங்கை பூரா பழைய சூட்டுத் தழும்பு?”

“சின்ன வயசுல நானே அடுப்புல கைய வச்சுட்டேன் மேடம்” என்று சிரித்தாள் கார்த்திகா. “அந்தக் கை வலிக்கவும் எல்லாத்துக்கும் வலது கையப் பழகிக்கிட்டேன்.”

அஜித் தலையாட்டினான். கல்யாணமான ஆறு வருஷமாக அவனுக்கும் அதே கதைதான் தெரியும்.

பிரம்பையே தொடாத வாத்தியார் என்று ஊரெல்லாம் பேர் வாங்கிய ஆத்மநாதன் மெல்ல எழுந்து நின்றார்.

“அவ பொய் சொல்றா டாக்டர். பீச்சாங்கையால சோறு அள்ளுனான்னு கரண்டியக் காய வச்சு நான்தான் சூடு போட்டேன். அப்ப அவளுக்கு அஞ்சு வயசு.”