பழஞ்சேலை

உடுமலைப்பேட்டையில் தங்கை வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பிய மருதாள், செவலை மாட்டின் கண்ணில் படாமல் தென்னைக்குப் பின்னால் பையோடு நிற்கிறாள். அவள் கறந்தால்தான் அது பால் விடும். அதனாலேயே ஓர் இரவுகூட அவள் தோட்டத்தை விட்டு வெளியே தங்கியதில்லை. இன்று கணவர் சென்னியப்பன் அவளுடைய பழஞ்சேலையைச் சுற்றிக்கொண்டு, பனியன் வேஸ்ட் துணியால் மடியைத் துடைக்கிறார். மாடு சேலையை முகர்ந்து பார்த்துவிட்டுக் கண்ணை மூடுகிறது. இளவெயிலில் போசிக்குள் பால் சர்சர்ரென்று இறங்குகிறது. “பஸ்ஸு வந்துரும், பொறப்படு புள்ள” என்கிறார் திரும்பாமல். “இதா, போறனுங்க” என்கிறாள். அந்தக் குரலுக்கு மாடு காதை விடைத்துப் பாலை அடக்கிக்கொள்கிறது. சாலையில் பஸ் ஹாரன் அடிக்கிறது. மருதாள் பையை வைத்துவிட்டுப் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகுகிறாள்.