குருசாமி அனுப்பிய துணி

"எனக்குன்னு ஒரு தறி கிடையாது, சம்பளத்துக்கு ஒரு ஆள் கிடையாது. ஆனா மாசம் தவறாம லாரி நிறைய பேண்டேஜ் துணி கேரளாவுக்குப் போகுது," என்றார் சௌந்தரபாண்டியன்.

தொண்ணூற்றி ஒன்றாம் வருஷத்து ஆவணி முகூர்த்தம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலையில் இருந்தவர் உள்ளூர் லைன்மேன்.

கேட்க ஆள் கிடைத்துவிட்டால் ராஜபாளையத்து வியாபாரி சௌந்தரபாண்டியனுக்கு இந்தப் பேச்சுதான். சொந்தமாக மில் கட்டிய மைத்துனர் ஸ்டிரைக், போனஸ், கரண்ட் கட்டு என்று பாதி ஆளாகிவிட்டார். இவருக்கு அந்தத் தொல்லையே இல்லை. ஆர்டர் வந்தால் நூலைக் கொடுத்துக் கூலிக்கு நெய்யச் சொல்வார். வராவிட்டால் சும்மா இருப்பார். தறி பழுதானாலும் ஆள் படுத்தாலும் அது நெய்கிறவன் பாடு.

"இந்த ஊர் ஊரணித் தெருவுலயே எட்டு ஷெட் எனக்கு நெய்யுது. குருசாமின்னு ஒருத்தன். நேத்துகூடப் பத்து கட்டு அனுப்பியிருக்கான். ஒரு இழை பிசகலை."

லைன்மேனின் கை இலையிலேயே நின்றது.

"வேப்பமரத்து ஷெட் குருசாமியா?"

"அவனேதான்."

"அவரு செத்து நாலு மாசம் ஆச்சே சார். கரண்ட் வேண்டாம்னு அவரு வீட்டம்மா எழுதிக் கொடுத்து, நான்தான் போய் ஃபியூஸைக் கழட்டிட்டு வந்தேன்."

வேறு யாரையோ சொல்கிறார் என்று சௌந்தரபாண்டியன் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. நேற்று வந்த கட்டுகளில் சொருகியிருந்த சீட்டை அவரே பிரித்துப் படித்திருந்தார். குருசாமி என்ற பெயர், அதன் கீழே நேற்றைய தேதி.

தாம்பூலம்கூட வாங்காமல் எழுந்து நடந்தார்.

அந்தத் தெருவில் அவர் கால் வைத்து மூன்று வருஷம் இருக்கும். செவ்வாய்க்கிழமை தோறும் வேன் டிரைவர் சோலைராஜ் நூலோடு போவான், துணியோடு வருவான். சீட்டில் பெயர் இருக்கும். அவருக்கு அது போதும்.

உச்சி வெயிலில் தெரு முழுக்கத் தறிச் சத்தம் தடதடத்துக்கொண்டிருந்தது. அவர் உள்ளே நுழைந்ததும் முதல் ஷெட் நின்றது. இன்னும் நாலு எட்டு வைத்தார். அடுத்தது நின்றது. அவர் நடக்க நடக்க ஒவ்வொன்றாக அடங்கி, வேப்பமரத்தடிக்கு வந்தபோது அவருடைய செருப்புச் சத்தம் மட்டுமே கேட்டது. ஒருவரும் வெளியே வரவில்லை.

ஷெட் பூட்டியிருந்தது. பூட்டில் துரு. ஜன்னல் கம்பிக்குள் எட்டிப் பார்த்தார். இரண்டு தறிகள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒட்டடை தொங்கியது. சுவர்ப் பலகையில் ஃபியூஸ் இருந்த இடம் காலியாக இருந்தது. அதற்கு மேலே, காய்ந்த மாலையோடு ஒரு படம். எட்டு வருஷமாகத் தனக்கு நெய்த ஆள் அவன்தானா என்று அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

இந்தத் தறியிலிருந்தா நேற்று பத்து கட்டு வந்தது? ஜன்னலை விட்டு ஓரடி பின்வாங்கினார்.

"வாங்க முதலாளி. என்னைக்காவது வருவீங்கன்னு தெரியும்."

திடுக்கிட்டுத் திரும்பினார். நெற்றியில் பொட்டில்லாத ஒரு பெண். பெயர் வெள்ளத்தாய், குருசாமியின் சம்சாரம் என்றாள்.

"தறி ஓடலையேம்மா. துணி எப்படி வருது?"

அவள் எதையும் மறைக்கவில்லை. குருசாமி பெயருக்கு வருகிற நூலைத் தெருக்காரர்கள் வாரம் ஒரு வீடாக எடுத்துப் போய், தங்கள் வேலைக்கு மேல் வேலையாக நெய்து கொடுக்கிறார்கள். இவள் மடித்துக் கட்டி, புருஷன் பெயரிலேயே சீட்டு எழுதி வேனில் ஏற்றுகிறாள். கூலி இவள் கைக்கு வருகிறது. நெய்தவர்கள் ஒரு பைசா தொடுவதில்லை. சோலைராஜுக்கும் எல்லாம் தெரியும்.

பயம் விலகிய இடத்தில் அவருக்குக் கோபம் ஏறியது. இத்தனை பேர் சேர்ந்து தன்னை ஏமாற்றியிருக்கிறார்கள்.

"செத்தா செத்துட்டான்னு எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே? நானும் மனுசன்தானே?"

"இதே தெரு கருத்தம்மா வீட்டுக்காரர் செத்தப்ப சொல்லிவிட்டோம் முதலாளி. மறு செவ்வாயே வேன் அந்த வாசல்ல நிக்கலை."

நிற்க வேண்டாம் என்று சோலைராஜிடம் சொன்னது அவர்தான். அப்போது அதை ஒரு பெரிய விஷயமாக அவர் நினைக்கவேயில்லை. தறி நின்றால் நூலை நிறுத்துவது, அவ்வளவுதான்.

அவளை நிமிர்ந்து பார்க்க முடியாமல் துண்டால் முகத்தைத் துடைத்தார். தன்னைப் பற்றி நல்லதாக ஒன்றாவது சொல்லிவிட்டுப் போனால் தேவலை என்று இருந்தது.

"நல்லா நெய்யுறவனை நான் மறக்குறவன் இல்லம்மா. அடுத்த ஷெட் மாரிச்சாமியைக் கேட்டுப் பாரு. அவன் நெசவைப் பார்த்துட்டு, போன தீபாவளிக்குப் பட்டுக்கரை வேட்டி எடுத்துச் சோலைராஜ்கிட்ட கொடுத்துவிட்டேன். கிடைச்சுதா இல்லையான்னு அவனே சொல்லுவான்."

வெள்ளத்தாய் அடுத்த ஷெட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"கிடைச்சுது முதலாளி. மாரிச்சாமி அண்ணன் படத்துக்கு முன்னால வச்சுத்தான் கும்பிட்டோம்."