உறை இல்லாத கடுதாசி

மூட்டைகள்தான் முதலில் இறங்கின.

வாய் தைத்த கோணி ஒன்று. பழைய சேலையில் கட்டிய பொதி ஒன்று. வைக்கோல் பிரி சுற்றிய ஊறுகாய் ஜாடி ஒன்று.

ரங்கூன் துறையில் காலையிலிருந்து நின்றிருந்தவன் அவற்றைப் பார்த்தான். பிறகுதான் அவளைப் பார்த்தான். இடுப்பில் பிள்ளை.

வீட்டுக்குத் தெரியாமல் கிளம்பி வந்தவளுக்கு இத்தனை சுமை எப்படி?

பிள்ளையை இன்றுதான் பார்க்கிறான். அவன் கப்பலேறியபோது அவள் ஏழு மாதம்.

கை நீட்டினான். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டது. வந்த கப்பலைக் காட்டி, "அப்பாயி" என்றது.

அவன் அம்மாவைத்தான் அது அப்படிக் கூப்பிடும் போலிருக்கிறது.

"அம்மாவுக்குத் தெரிஞ்சிருச்சா?"

செங்கமலம் குனிந்து ஜாடியை நிமிர்த்தி வைத்தாள்.

"கேக்குறேன்ல?"

"தெருவுக்கே தெரியும்."

"உங்கப்பாகிட்ட மட்டும் காட்டுன்னு எழுதியிருந்தேனே."

"எழுதியிருந்தீங்க. அதையும் சேர்த்துத்தான் வாசிச்சாரு தபால்காரர். ஏங்க, ஒரு கடுதாசிக்குச் சட்டை போட்டு அனுப்ப மாட்டீங்களா? அம்மணமால்ல அனுப்பியிருக்கீங்க."



அந்தத் தபால் அட்டை அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. ராணி தலை அச்சடித்த, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய அட்டை. அவன் சொல்லச் சொல்ல எழுதித் தருகிற சவரிராயன்தான் எடுத்துக் காட்டினார். மடிக்க வேண்டாம், ஒட்ட வேண்டாம், விலையும் குறைவு தம்பி என்றார்.

விறைப்பாக இருந்தது. அவனுக்குப் பிடித்துப்போயிற்று.

உறையைத் தபாலாபீசில் போட்டுக்கொள்வார்கள் என்று நினைத்தான்.

அரசாங்கக் காரியம். மூடாமலா அனுப்புவார்கள்?

கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சுமைகளுக்கு நடுவே நின்றபடியே அவள் சொன்னாள்.

ஊருக்கு அப்படியொரு அட்டை வந்தது அதுதான் முதல் தடவை. அவள் கொல்லையில் நெல் குத்திக்கொண்டிருந்தாள். வாசலில் வாங்கியவள் அவன் அம்மா. வாங்கிய கையோடு தெருவைக் கூப்பிட்டாள். என் மகன் ரங்கூன்லேருந்து எழுதியிருக்கான், வாங்கடி, ராணி படம் போட்டு எழுதியிருக்கான்.

பதினைந்து பேராவது கூடியிருப்பார்கள்.

பிரிப்பதற்கு ஒன்றுமில்லை. தபால்காரர் திருப்பினார், வாசித்தார்.

*என் தாயாரிடம் சொல்ல வேண்டாம். உன் தகப்பன் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிப் பிள்ளையுடன் கப்பலேறவும். தாயார் அறிந்தால் ஊரைக் கூட்டி அழுது காரியத்தைக் கெடுத்துவிடுவார்.*

யாரோ சிரித்தார்கள். யாரோ அந்தச் சிரிப்பை அதட்டினார்கள்.

தபால்காரர் அட்டையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றார்.

"அம்மா என்ன சொல்லுச்சு?"

"கப்பல் என்னிக்குன்னு எழுதியிருக்கானான்னு தபால்காரரைக் கேட்டாங்க."

"அப்புறம்?"

"கூட்டத்தப் பாத்து, போய் வேலையப் பாருங்கடின்னாங்க. அவ்வளவுதான். அன்னிக்கே நார்த்தங்காய் அரிய உக்காந்துட்டாங்க."

துறையில் ஆட்கள் அவர்களை இடித்துக்கொண்டு போனார்கள். அவன் நகரவில்லை.

"அழுதுச்சா?"

"நாந்தான் அழுதேன். அத்தை நாகப்பட்டினம் வரைக்கும் வண்டியில வந்தாங்க. வழி பூரா பிள்ளைய மடியிலேருந்து எறக்கல. கப்பலுக்குப் போற படகுல நான் ஏறினப்புறம்தான் கை மாத்திவிட்டாங்க. ஒரு சொட்டு விடலைங்க."

அவள் பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

"நீங்க அப்படி எழுதியிருந்தீங்களே."

கோணியைத் தலையில் ஏற்றிக்கொண்டான். பொதியைத் தோளில் போட்டான். கனமாக இருந்தது. உள்ளே அரிசி மாவோ, வடகமோ. அம்மா எதையும் விட்டுவைக்காமல் கட்டியிருக்கிறாள். இனி மகனும் வரமாட்டான், பேரனும் வரமாட்டான் என்று தெரிந்த கை கட்டிய கட்டு.

வண்டிப்பேட்டைக்குப் போகிற வழியில்தான் தபாலாபீஸ். சுவரோரம் பலகை போட்டுச் சவரிராயன் உட்கார்ந்திருந்தார்.

அவன் சுமைகளை இறக்கினான்.

"வந்தாச்சா! நம்ம கைராசி பாத்தியா தம்பி?" சவரிராயன் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். "வந்து சேந்தாச்சுன்னு எழுதணும், அதானே?"

"அம்மாவுக்கு எழுதணும்ணே."

அவன் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு என்ன தோன்றியதோ, அட்டைக்கட்டைத் தள்ளிவிட்டுத் தாளும் உறையும் எடுத்தார்.

"வேண்டாம்ணே. அட்டையே குடுங்க."

"மனசு விட்டு எழுதறதுன்னா தாளுதான் நல்லது. அட்டைன்னா போறவன் வாறவன்லாம் பாப்பான்."

"தெரியும்ணே."

பிள்ளை சிணுங்கியது. செங்கமலம் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அவர்கள் பேசுவது கேட்கிற தூரத்தில் நின்றாள்.

சவரிராயன் பேனாவை மையில் தொட்டெடுத்தார். அவன் முதல் வரியைச் சொன்னான். எழுதிவிட்டு அதை ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பார்த்தார்.

*இதைத் தபால்காரர் தெருவிலே எல்லாரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு வாசிக்கவும்.*

நிமிர்ந்தார்.

"தெருவே கூடிக் கேக்கறதுக்கு யாரப் பத்தித் தம்பி எழுதப்போற?"

"என்னப் பத்தி. அம்மாவத் தப்பா எழுதுனவனப் பத்தி."